கஷ்டமான கைகள்

நாத்தனாரைப் பெருமையாகப் பேசுகிற அண்ணி உலகத்தில் எங்கேயாவது இருப்பாளா என்று என் கணவர் கேட்பார். ஏன், நான் இருக்கிறேனே, போதாதா? என் நாத்தனார் அவருக்குக் கூடப் பிறந்த தங்கை. அவர் புகழ்ந்தால் பாசம் என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிடுவார்கள். நான் வந்தவள், அதுவும் கொஞ்சம் வாய் நீளமானவள். நான் சொன்னால்தான் நம்புவார்கள். அதனால் இந்தக் கதையை நானே சொல்கிறேன்.

என் நாத்தனாரின் வேலை ஊசி குத்துவது. பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் தரைத்தளத்தில் ரத்தம் எடுக்கிற அறை. ஐந்து நாற்காலிகள், ஒவ்வொன்றிலும் கையை நீட்டி வைக்க ஒரு பலகை, பக்கத்திலேயே பஞ்சு, ரப்பர் பட்டை, கலர் கலராக மூடி போட்ட டியூப்கள். கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து டோக்கன் கொடுப்பவள் நான். இந்த வேலையை எனக்கு வாங்கிக் கொடுத்தவளே அவள்தான். அந்த நன்றிக்காகப் புகழ்கிறேன் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். விடிவதற்கு முன்னால் என்னைப் படுக்கையிலிருந்து கிளப்பி ஓட வைத்ததற்காக அவளைத் திட்டிய திட்டும் கொஞ்சநஞ்சம் இல்லை.

குழந்தைகள் அவளை எறும்பு அக்கா என்பார்கள். குத்துவதற்கு முன், எறும்பு ஒன்று வருகிறது, கடித்துவிட்டு அது பாட்டுக்குப் போய்விடும் என்று சொல்லுவாள். வலிக்கவே வலிக்காது என்று ஒருநாளும் சொன்னதில்லை. பொய் சொல்லிக் குத்தினால் அடுத்த தடவை அந்தக் குழந்தை கையை நீட்டாது என்பது அவள் கட்சி. நாளடைவில் மீசை வைத்த பெரிய மனிதர்கள்கூட என் ஜன்னலில் குனிந்து, எறும்பு இன்றைக்கு வந்திருக்கிறார்களா என்று ரகசியமாகக் கேட்க ஆரம்பித்தார்கள்.

ரத்தம் எடுப்பது என்ன பெரிய விஷயம் என்று தோன்றும். வாலிபப் பையன் வந்து சட்டைக் கையை மடித்தால் நரம்பு கயிறு மாதிரி எழுந்து நிற்கும். அதில் நானே குத்திவிடுவேன். ஆனால் எல்லாக் கையும் அப்படியா? மடிப்பு மடிப்பாகச் சதை விழுந்த கைக்குழந்தையின் கை இருக்கிறது. மாதக்கணக்கில் மருந்து ஏற்றி ஏற்றி நரம்பெல்லாம் ஓடி ஒளிந்துகொண்ட கை இருக்கிறது. தொட்டாலே நீலம் பாரிக்கிற வயதானவர்களின் கை இருக்கிறது. எங்கள் அறையில் இவற்றுக்குக் கஷ்டமான கை என்று பெயர். ஒருவர் இரண்டு தடவைக்கு மேல் குத்தக்கூடாது, கிடைக்காவிட்டால் எழுந்து அடுத்தவரைக் கூப்பிட வேண்டும் என்பது அங்கே வழக்கம். கூப்பிடுவது பெரும்பாலும் என் நாத்தனாரைத்தான்.

கூப்பிட்டதும் அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே! மற்றவர்கள் சலித்துக்கொள்கிற இடத்தில் இவளுக்குக் குஷி பிறந்துவிடும். துண்டை வெந்நீரில் நனைத்துப் பிழிந்து கையில் சுற்றுவாள். கையைத் தொங்கப் போடச் சொல்லுவாள். வீட்டில் பூனை வளர்க்கிறாயா, அது யார் படுக்கையில் தூங்கும் என்று ஊர்க்கதை பேசிக்கொண்டே இரண்டு விரலால் தடவிக்கொண்டிருப்பாள். கண் கையில் இருக்காது, எதிர்ச் சுவரில் இருக்கும். அப்புறம் ஒரே குத்து. டியூபுக்குள் ரத்தம் இறங்கும்போது அவள் உதட்டோரத்தில் ஒரு சிரிப்பு வரும். கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் தெரிந்த பள்ளிக்கூடத்துப் பிள்ளையின் சிரிப்பு அது. வீட்டுக்கு வந்தாலும் பேச்சு அந்தக் கைகளைப் பற்றித்தான். அண்ணி, இன்றைக்கு ஒரு கை வந்தது பாருங்கள் என்று ஆரம்பித்தாளானால் என் தட்டில் சாப்பாடு ஆறிப் போகும்.

இதற்காக யாரும் அவளுக்குக் கூடுதலாக எதுவும் கொடுத்ததில்லை. கொடுப்பார்கள் என்று அவள் நினைத்ததும் இல்லை. கரும்பு தின்னக் கூலியா என்று என் கணவர் கேலி செய்வார்.

அவளுக்கு இருந்தது ஒரே ஒரு ஆசை. இன்சார்ஜ் ஆக வேண்டும். பதவி மோகம் எல்லாம் கிடையாது. வெறும் வயிற்றோடு ரத்தம் கொடுக்க வருகிற கூட்டம் விடிவதற்குள் வந்து நிற்கும் என்பதால் நாங்கள் எல்லோரும் இருட்டோடு கிளம்பியாக வேண்டும். இன்சார்ஜ் மட்டும் ஒன்பது மணிக்கு வரலாம். அவளுடைய புருஷன் தூரத்து ஊர்களுக்கு லாரி ஓட்டுகிறவர், வீட்டுக்கு விருந்தாளி மாதிரி வந்து போவார். அவர்கள் குடியிருப்பது எங்கள் வீட்டு மாடியில். பள்ளிக்கூடம் போகிற அவள் மகளைக் காலையில் எழுப்பிக் குளிக்க வைத்துத் தலை பின்னி அனுப்புவது யார் என்று நினைக்கிறீர்கள்? என் கணவர். எலக்ட்ரீஷியன். ஒயர் முறுக்கிப் பழகிய கை, குழந்தை தலைமுடியையும் அப்படியே முறுக்கும். ஒரு பின்னல் காதுக்கு மேலேயும் இன்னொன்று பிடரியிலுமாக அந்தப் பெண் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள். ஒரே ஒரு காலை நேரமாவது என் பெண்ணை நானே பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விட வேண்டும் என்று என் நாத்தனார் அடிக்கடி சொல்லுவாள்.

பழைய இன்சார்ஜ் ஓய்வு பெறப் போகிறார் என்று செய்தி வந்தபோது, அனுபவத்தைப் பார்த்தால் அடுத்து இவள்தான் என்று எல்லோரும் பேசிக்கொண்டோம். அந்த நேரம் பார்த்துப் புது மேனேஜர் வந்து சேர்ந்தார். கெட்டவர் இல்லை. எதையும் எண்ணிப் பார்த்தால்தான் நம்புகிற ஜாதி. மூன்று மாதத்தில் யார் அதிக டோக்கன் முடிக்கிறார்களோ அவருக்குத்தான் இன்சார்ஜ் வேலை என்று அறிவித்தார். குத்தி ரத்தம் வராவிட்டால் ஒன்று கழியும். ஒவ்வொரு நாற்காலிக்கும் எத்தனை முடிந்தது என்று காட்ட, எல்லோர் கண்ணிலும் படுகிற மாதிரி ஒரு போர்டு மாட்டினார்கள். சிவப்பு விளக்கில் எண்கள் ஏறும்.

சில நாளிலேயே அறை மாறிப்போனது. கையைப் பார்த்த மாத்திரத்தில், "தண்ணி குடிச்சிட்டு வாங்க" என்று சொல்ல ஆரம்பித்தார்கள். தண்ணீர் குடித்தால் நரம்பு கொஞ்சம் எழும்பும், அது நிஜம்தான். முன்பெல்லாம் குடிக்கச் சொல்லிவிட்டுக் காத்திருப்பார்கள். இப்போது குடிக்க அனுப்பிவிட்டு அடுத்த டோக்கனைக் கூப்பிட்டார்கள். குடித்துவிட்டு வந்தால் இன்னும் கொஞ்சம் குடித்துவிட்டு வாருங்கள் என்றார்கள். தண்ணீர் கேனுக்குப் பக்கத்தில் ஒரு பெஞ்ச் உண்டு. கைக்குழந்தைக்காரிகளும் வயதானவர்களும் காலையிலிருந்து அந்தப் பெஞ்சிலேயே டம்ளரும் கையுமாக உட்கார்ந்திருந்தார்கள். கேன் காலியாகிற வேகத்தைப் பார்த்து மேனேஜர், வெயில் அதிகம் போலிருக்கிறது, பாவம் ஜனங்கள் என்று இரண்டாவது கேன் வரவழைத்துக் கொடுத்தார்.

நாற்காலிகளில் வேகமானவன் ஒருவன் இருந்தான், மின்னல் என்று கூப்பிடுவோம். அவன்தான் முதலில் இந்தத் தந்திரத்தைக் கண்டுபிடித்தவன். என் நாத்தனார் மட்டும் என்ன, வானத்திலிருந்தா குதித்தாள்? அவளும் கற்றுக்கொண்டாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒருவர் நடந்து வரும்போதே அவர் கை எப்படிப்பட்டது என்று அவளுக்குத் தெரியும். இத்தனை வருடம் கஷ்டமான கையைக் கண்டுபிடிக்க உதவிய கண், இப்போது சுலபமான கையைப் பொறுக்கி எடுத்தது. அப்படி ஒரு கை வரிசையில் முன்னால் வருகிற நேரம் பார்த்துத் தன் நாற்காலியைக் காலி பண்ணிவிடுவாள்; உடற்பயிற்சிக்குப் போகிற பையன்கள் எல்லாம் அவளிடமே வந்து விழுந்தார்கள். போர்டில் அவள் எண் மேலே போனது. சாயங்காலம் வீட்டுக்குப் போனால் மகள் வாசலிலேயே பிடித்துக்கொள்வாள், நீதானே முதல் என்று. ஆமாம் என்றதும் ஒரு குதி குதிப்பாள். இன்னும் கொஞ்ச நாளில் எங்கம்மா என்னைக் கொண்டுவந்து விடுவாள் என்று வகுப்பு முழுக்கத் தம்பட்டம் அடித்துவிட்டாள். எனக்கும் சந்தோஷம்தான், மறைப்பானேன்.

ஆனால் சாப்பிடும்போது அவள் பேசுவது நின்றுவிட்டது. என் சோறு சூடாகவே வயிற்றுக்குள் போனது. இன்றைக்கு என்ன கை வந்தது என்று நானாகக் கேட்டேன். "ஒண்ணுமில்ல அண்ணி, நம்பர் மட்டும் ஏறுச்சு" என்றாள். வேறொரு நாள், ஒரு கைக்குழந்தைக்கு ஒரு தடவை குத்திப் பார்த்துக் கிடைக்கவில்லை என்றதும், இன்னும் ஒன்று கழிந்துவிடுமே என்ற பயத்தில் இரண்டாவது தடவை முயற்சி செய்யாமல் விட்டுவிட்டேன் என்று சொல்லிவிட்டுத் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கை அப்படிப் பின்வாங்கி நான் கேள்விப்பட்டதே இல்லை. உடம்பு சரியில்லையோ என்று நினைத்தேன்.

கடைசி வாரம் வந்தது. அவளும் மின்னலும் முன்னே பின்னே ஓடிக்கொண்டிருந்தார்கள், அவள் ஒரு மயிரிழை முன்னால். அன்று காலையில் ஒரு சிறுமி வந்தாள். நீண்ட நாள் வைத்தியத்தில் இருக்கிற பெண். தலையில் கம்பளித் தொப்பி, வாரா வாரம் ரத்தம் கொடுத்தாக வேண்டும். அவள் ரத்தத்தைப் பார்த்துத்தான் அடுத்த மருந்தை ஏற்றலாமா வேண்டாமா என்று டாக்டர் முடிவு செய்வார். முன்பெல்லாம் நேராக எறும்பிடம் போய்விடுவாள்; போர்டு வந்த பிறகு எந்த நாற்காலி காலியோ அங்கே போக வேண்டும் என்றாகிவிட்டது. மின்னல் தண்ணீர் குடிக்க அனுப்பினான். குடித்துவிட்டு வந்தாள். பக்கத்து நாற்காலியிலும் அதையே சொன்னார்கள். பெரியவர்கள் சொன்னதைத் தட்டாத பிள்ளை. நிறையக் குடித்தால் நரம்பு சீக்கிரம் வரும் என்று நினைத்து, டம்ளர் மேல் டம்ளராகக் குடித்திருக்கிறாள். சின்ன வயிறு எவ்வளவு தாங்கும்? பெஞ்சுக்குப் பக்கத்திலேயே அத்தனையும் வாந்தியாக வந்துவிட்டது. அவள் அப்பா பதறிப் போய்க் கைக்குட்டையால் தரையைத் துடைக்கக் குனிந்தார். அந்தப் பெண் எழுந்து நின்று, எங்கள் எல்லோரையும் பார்த்து, "சாரி, இன்னும் கொஞ்சம் குடிச்சிட்டு வரேன்" என்று டம்ளரை எடுத்தாள்.

அந்த நேரம் என் நாத்தனார் நாற்காலியில் ஒரு பையன் கயிறு மாதிரி நரம்போடு கையை நீட்டிக்கொண்டிருந்தான். பட்டையை அவன் கையிலிருந்து அவிழ்த்தாள். தம்பி, பக்கத்து நாற்காலிக்குப் போய்விடப்பா என்றாள். எழுந்து வந்து அந்தப் பெண்ணின் கையிலிருந்த டம்ளரை வாங்கிக் கீழே வைத்துவிட்டு, பெஞ்சில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

பெண்ணுக்கு உடம்பெல்லாம் நடுக்கம், கை சில்லிட்டுப் போயிருந்தது. ஈரத் துண்டு, வெந்நீர், மறுபடி துண்டு. பூனைக் கதை ஒன்று முடிந்து இன்னொன்று ஆரம்பித்தது. போர்டில் மின்னலின் எண் ஏறிக்கொண்டே இருந்தது. எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. பேனாவால் கண்ணாடியைத் தட்டி, போர்டைக் காட்டிக் கையை ஆட்டினேன். என்னை ஒரு பார்வை பார்த்தாள் பாருங்கள், நான் பேனாவை மூடி வைத்துவிட்டேன். வெகுநேரம் கழித்து, சுவரைப் பார்த்தபடி ஒரே குத்து. டியூபில் ரத்தம் இறங்கியது. காணாமல் போயிருந்த அந்தச் சிரிப்பு உதட்டோரத்தில் திரும்பி வந்தது. பெண்ணும் சிரித்தாள். அதோடு விட்டாளா? பெஞ்சில் இருந்த அடுத்த கையைப் பிடித்தாள், அதற்கடுத்த கையை. வாரம் முடிகிறவரை பெஞ்சை விட்டு அவள் எழுந்திருக்கவே இல்லை.

டீ குடிக்கிற நேரத்தில் அவளைப் பிடித்துக்கொண்டேன். "ஒரு வாரம்டி. ஒரே ஒரு வாரம் பல்லைக் கடிச்சிட்டு இருந்திருந்தா காலம் பூரா காலைல வீட்ல இருந்திருக்கலாம். உன் பொண்ணை நினைச்சுப் பார்த்தியா?" என்று கேட்டேன். நியாயமான கேள்விதானே.

"அவளை நினைச்சுதான் அண்ணி இத்தனை நாள் கண்ணை மூடிட்டு இருந்தேன். குத்தத் தெரிஞ்ச நான் இங்க உக்காந்திருக்கேன், அந்தக் குழந்தை என்கிட்ட சாரி சொல்லுது. அப்புறமும் எப்படி கண்ணை மூடிட்டு இருக்க முடியும்?" என்றாள். நான் டீயைக் குடித்துவிட்டு என் ஜன்னலுக்குத் திரும்பினேன்.

இன்சார்ஜ் வேலை மின்னலுக்குப் போனது. அவனைக் குறை சொல்ல மாட்டேன். பந்தயம் வைத்தால் ஓடத்தானே செய்வார்கள். மகளிடம் அவளே போய்ச் சொன்னாள், சுற்றி வளைக்காமல். எண்ணிக்கையில் நான் பின்னால் போய்விட்டேன், இன்சார்ஜ் இல்லை, காலையில் மாமாதான் என்று. "அப்ப நீ தோத்துட்ட" என்று சொல்லிவிட்டு அந்தப் பிள்ளை சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டது. வகுப்பெல்லாம் சொல்லி வைத்திருந்த அவமானம் அதற்கு. அம்மாவோடு பேச்சை நிறுத்திவிட்டது. அந்த நாட்களில் என் நாத்தனார் மாடிப்படி ஏறுவதைக் கீழேயிருந்து பார்க்கவே எனக்குப் பொறுக்கவில்லை.

இதற்குள் புகார்கள் மேனேஜர் மேசைக்குப் போய்ச் சேர்ந்தன. ஒருநாள் காலையில் அவரே வந்து, நோயாளி மாதிரி அந்தப் பெஞ்சில் ஓரமாக உட்கார்ந்து பார்த்தார். வெயிலால் தண்ணீர் காலியாகவில்லை என்பது புரிந்துவிட்டது. உடனே ஒரு வைத்தியம் கண்டுபிடித்தார். மாதா மாதம் சிறந்த நாற்காலிக்குப் பரிசு, கஷ்டமான கை ஒவ்வொன்றுக்கும் இரட்டை மார்க். அவ்வளவுதான், மறுநாளிலிருந்து ஊரில் சுலபமான கையே இல்லாமல் போயிற்று. பயில்வான் மாதிரி ஒருவர், தோளிலிருந்து மணிக்கட்டு வரை நரம்பு புடைத்துக்கொண்டு நிற்கிறது, அவருடைய டோக்கன் சீட்டு, கஷ்டமான கை என்று டிக் அடிக்கப்பட்டு என்னிடம் வந்தது. நிஜமாகவே கஷ்டமான கையோடு வந்த ஒரு பெரியவரை, இடது கையை ஒருவர், வலது கையை ஒருவர் பிடித்துக்கொண்டு, எனக்குத்தான் என்று இழுத்தார்கள். மனிதர் என்னைப் பார்த்து, இங்கே ரத்தம்தானே எடுக்கிறார்கள், கையை எடுக்க மாட்டார்களே என்று கேட்டார்.

மேனேஜர் நாத்தனாரைக் கூப்பிட்டு அனுப்பினார். சீட்டுகளை எடுத்துக்கொண்டு என்னையும் வரச் சொன்னார், அதனால் நடந்ததை நேரில் பார்த்தேன். மனிதர் ரொம்பக் குழம்பிப் போயிருந்தார். எல்லோரும் மார்க்குக்காக அடித்துக்கொள்கிறார்கள், நீங்கள் மட்டும் டிக்கே அடிக்காமல் சீட்டை அனுப்புகிறீர்கள், இரட்டை போதாதா, மூன்றாக்கித் தரட்டுமா என்று கேட்டார். வேடிக்கைக்கு இல்லை, நிஜமாகவே கேட்டார்.

"மார்க் வேண்டாம் சார்" என்றாள். "நரம்பு எங்க ஒளிஞ்சிருக்குன்னு தேடுறதுதான் எனக்குப் பிடிச்சதே. அதோட ஒரு மார்க்கை ஒட்டி வச்சா, என் விரல் நரம்பை விட்டுட்டு மார்க்கைத் தேடுது. மூணு மாசம் தேடிப் பார்த்துட்டேன். அந்த பெஞ்சை எனக்குக் குடுத்துடுங்க."

எந்த பெஞ்ச் என்று கேட்டார். தண்ணீர் கேன் பக்கத்தில் இருக்கிற பெஞ்ச் என்றாள். கஷ்டமான கை எல்லாம் விடியற்காலையில் வர வேண்டாம், குளிரில் நரம்பு இன்னும் உள்ளே போய்விடும். அவர்களில் பலருக்கு வெறும் வயிறு தேவையே இல்லை, டாக்டர்களைக் கேட்டுக்கொள்ளலாம். சாப்பிட்டுவிட்டு, வெயில் ஏறியதும், ஒன்பது மணிக்கு மேல் நேராக என்னிடம் வரட்டும். போர்டில் என் நாற்காலியை எண்ண வேண்டாம் என்று நிதானமாகச் சொன்னாள். எண்ணாவிட்டால் வேலை நடக்கிறதா என்று எப்படித் தெரியும் என்று அவர் கேட்டார். பாவம், அவருக்கு அதுதானே கவலை. "மத்தியானம் வந்து பெஞ்சைப் பாருங்க சார். காலியா இருந்தா நடக்குதுன்னு அர்த்தம்" என்றாள்.

மேனேஜர் டாக்டர்களிடம் கேட்டார், மின்னலிடம் கேட்டார். கஷ்டமான கையெல்லாம் நம் தலையை விட்டுப் போனால் போதும் என்று மின்னல் பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி தலையை ஆட்டினான். சம்பளத்தில் மாற்றமில்லை, பதவி இல்லை, சம்மதமா என்று கேட்டுவிட்டு மேனேஜர் ஒத்துக்கொண்டார். வெளியே வந்ததும் அவள் முழங்கையைப் பிடித்து நிறுத்தினேன். ஏண்டி, ஒன்பது மணி என்று கேட்டது கைகளுக்காகவா, உன் பெண்ணுக்காகவா, உண்மையைச் சொல் என்றேன். நரம்புக்காகத்தான் அண்ணி கேட்டேன், பொண்ணு நடுவில் வந்து ஒட்டிக்கொண்டால் நான் என்ன செய்ய முடியும் என்று சொல்லிவிட்டுச் சிரித்தாள். அந்த நிமிஷம், இவள் என் நாத்தனார் என்று தெருவில் போகிறவர்களை எல்லாம் நிறுத்திச் சொல்ல வேண்டும் போல இருந்தது எனக்கு.

அன்று சாயங்காலம் அவள் பின்னாலேயே நானும் மாடிக்குப் போனேன். மகள் தரையில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள், நிமிர்ந்து பார்க்கவில்லை. நாளையிலிருந்து ஒன்பது மணிக்குப் போனால் போதும், காலையில் நான்தான் உன்னைக் கொண்டுபோய் விடப்போகிறேன் என்று என் நாத்தனார் சொன்னாள். பென்சில் நின்றது.

"இன்சார்ஜ் ஆயிட்டியா?"

"இல்லடி."

"அப்ப பரிசு ஏதாவது குடுத்தாங்களா?"

"அதெல்லாம் இல்ல. கஷ்டமான கை எல்லாத்தையும் எனக்கே குடுத்துட்டாங்க."

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும். ஒண்ணு விடாம."

அம்மாவின் உதட்டோரத்தில் அந்தப் பழைய சிரிப்பு இருந்ததை அந்தப் பெண் பார்த்தாள். அப்புறம் பென்சிலைப் போட்டுவிட்டு எழுந்து, என்னை இடித்துக்கொண்டு, தடதடவென்று படியிறங்கி ஓடினாள். கீழே என் கணவரிடம் அவள் கத்திச் சொன்னது மாடி வரை கேட்டது.

"மாமா, எங்கம்மா ஜெயிச்சுட்டாங்க!"